200 கிராமை விழுங்கும் தராசு: கிலோவுக்குக் காசு சேர்ப்பவர்கள் கவனிக்க

கல்முனையில் நிறை குறைத்து நிதி சேர்க்கும் குழு ஒன்றைத் தொடங்கப்போகும் நண்பர், "உங்கட கண்ணாடித் தராசையே நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். கேள்வி வந்த நேரம் அந்தத் தராசு அடிப்பக்கம் திறந்தபடி மேசையில் கிடந்தது. ஒரு மூலையில் நிறையை உணரும் பாகம், உணரி, செத்துப்போயிருந்தது. இப்போது திருத்தியாயிற்று. ஆனாலும் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாலு காலில் நிற்கும் தடித்த கண்ணாடி, 180 கிலோ வரை தாங்கும், 100 கிராம் படியில் காட்டும். மேலே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றே. எங்கட குழுவின் திட்டமும் தெரிந்ததே: 12 வாரம், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆதரவாளர்கள் ஒப்புக்கொண்ட தொகை. சேரும் காசு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் வரும் சிறுநீரக நோயாளிகளின் பஸ் செலவுக்குப் போகிறது.

முதலில் அந்த எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தராசு கடைசியாகக் காட்டிய எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்து ஏறுபவரின் நிறை அதிலிருந்து ஏறக்குறைய 200, 300 கிராமுக்குள் வித்தியாசப்பட்டால், புதிதாக அளந்ததைக் காட்டாது, பழைய எண்ணையே திரும்பக் காட்டும். பெட்டியில் இதைப்பற்றி ஒரு வரி கிடையாது. "எத்தனை முறை ஏறினாலும் ஒரே எண்" என்று வாங்குபவர் மெச்ச வேண்டுமென்பதற்காகத் தயாரிப்பாளர் செய்து வைத்த வேலை இது. உண்மையில் இந்த விலைத் தராசுகள் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் 100, 200 கிராம் ஆடும். அந்த ஆட்டத்தை மறைக்கத்தான் இந்த ஞாபகசக்தி.

வீட்டில் ஒருவர் மட்டும் பாவித்தால் இதனால் பெரிய கேடில்லை. தினமும் ஏறி இறங்கி மனம் நொந்துபோகிறவருக்கு அது நிம்மதி என்றுகூடச் சொல்லலாம். வரிசையில் 20 பேர் நிற்கும்போதுதான் கதை மாறுகிறது. முன்னால் ஏறிய அக்காவுக்கு 78.4. பின்னால் ஏறும் அண்ணாவின் நிறை 78.6. அவருக்கும் 78.4 என்றே காட்டும். அவர் இறங்கி மறுகா ஏறினாலும் அதே 78.4 தான். ஒருவருக்கு 10 ஆதரவாளர்கள், ஆளுக்குக் கிலோவுக்கு 200 ரூபா என்று வையுங்கள். ஒரு கிலோ 2,000 ரூபா. விழுங்கப்பட்ட 200 கிராமின் பெறுமதி 400 ரூபா. காசு கொடுப்பவர் கேள்வி கேட்டால் பொருளாளர் என்ன சொல்வது?

உங்கள் தராசில் இந்தக் குணம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது லேசு. வெறுங்கையோடு ஏறி எண்ணைக் குறியுங்கள். இறங்கி, 200 கிராம் பிஸ்கட் பக்கற் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஏறுங்கள். எண் அசையவில்லையா, ஞாபகம் வேலை செய்கிறது. அதை உடைப்பதற்கு லேசான வழி, நடுவில் வேறொரு நிறையை அளப்பது. 5 லீற்றர் தண்ணீர்க் கேனையோ 10 கிலோ அரிசிப் பையையோ தராசில் வைத்து, எண் வந்தபின் எடுத்துவிட்டு, அடுத்தவரை ஏற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் இடையில் இதைச் செய்ய வேண்டும். 20 பேர் என்றால் 20 தரம் கேன் தூக்க வேண்டும், அதற்கென்றே ஒரு தம்பியை நிறுத்த வேண்டும். இதைத்தான் மன்னிக்க முடியாமல் இருக்கிறது.

மற்றபடி நியாயமாகப் பார்த்தால், தராசு நல்ல தராசு. 50 கிலோ சீமெந்துப் பையை ஏற்றினால் 50க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 5 லீற்றர் கேனைக் கூடுதலாக வைத்தால் 5 கிலோ கூடுகிறது. நிறை குறைப்புக்கு வேண்டியது இந்த இரண்டாவது குணம்தான். மொத்தம் அரைக் கிலோ பிழைத்தாலும் பரவாயில்லை, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவாகப் பிழைக்க வேண்டும். கடைத் தராசுக்கு இருப்பதுபோல அரச முத்திரை எதுவும் இதற்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் அளவு தொடங்குமுன் அதே கேனை வைத்துப் பார்த்து, வந்த எண்ணைக் கணக்குப் புத்தகத்தின் தலைப்பில் எழுதுங்கள். ஆதரவாளர்களிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தரைதான் அடுத்த வில்லங்கம். பாயின் மேலோ கம்பளத்தின் மேலோ வைத்தால் அடிப்பகுதி தரையில் முட்டி, நிறை குறைவாகக் காட்டும். கோயில் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் ஒரு கால் அந்தரத்தில் நின்றாலும் பிழைதான். 18 மில்லிமீற்றர் பிளைவூட் துண்டு ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள். சைக்கிளிலோ ஓட்டோவிலோ ஏற்றிக்கொண்டுபோய் வைத்ததும் வரும் முதல் அளவு எப்போதும் குப்பை, இடம் மாறியபின் பூச்சியத்தை அது புதிதாக எடுக்க வேண்டும். காலால் ஒரு தட்டுத் தட்டி, 0.0 வந்து, தானாக அணையும்வரை பொறுத்து, பிறகு ஏறுங்கள்.

திருத்த வேலை பற்றி. கண்ணாடியின் நாலு காலிலும் ஒவ்வொரு உணரி, ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்குவது, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று வயர். பழுது எந்த மூலையில் என்று பார்க்க, 5 கிலோ கேனை மூலைக்கு மூலை மாற்றி வையுங்கள். நாலிலும் 100 கிராமுக்குள் ஒத்துவர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பாதி காட்டினாலோ எண் ஓடிக்கொண்டே இருந்தாலோ அதுதான் நோயாளி. மின்தடை அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால், பொதுவாக நடு வயருக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் 1,000 ஓம் அளவும், ஓர வயர்கள் இரண்டுக்கும் இடையில் 2,000 ஓம் அளவும் வரும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒன்றுமே வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது, அனேகமாகச் சொல்டர் விட்டிருக்கும். அப்படியில்லாமல் உணரியே போயிருந்தால், பழைய உடைந்த தராசொன்றின் உணரியைக் கழற்றிப் போடலாம், மின்தடை ஒத்துவந்தால் போதும். திருத்தியபின் சீமெந்துப் பைச் சோதனையை மறுபடி செய்யாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கட ஊரில் உணரி சாவது அபூர்வம். உப்புக் காற்றில் பற்றரி தொடுமிடத்தில் களிம்பு பிடிப்பதுதான் வழக்கம். மாரியில், நவம்பர் தொடங்கி ஜனவரி வரை, இது இன்னும் மோசம். புதுப் பற்றரி போட்டும் 'லோ' என்றே காட்டினால் பற்றரியைத் திட்ட வேண்டாம், தகட்டை அழிறப்பரால் தேய்த்துத் துடையுங்கள். பாவிக்காத மாதங்களில் பற்றரியைக் கழற்றி, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். அடியிலுள்ள றப்பர் பாதம் ஒன்று விழுந்தாலும் அளவு கெடும், அதைத் தேடி ஒட்டுங்கள்.

கொழுப்பு வீதம் காட்டும் மாதிரியை வாங்க வேண்டாம். ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சிறு மின்னோட்டம் அனுப்பி, தடையை அளந்து, வயதையும் உயரத்தையும் சேர்த்து ஊகித்துச் சொல்வதே அந்த வீதம். கால் ஈரமென்றால் ஒன்று, நடந்து வந்த கையோடு ஏறினால் இன்னொன்று. அதற்குக் காசு கட்டுவது சூதாட்டம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

தராசைவிட அதில் ஏறுபவர்கள் கெட்டிக்காரர். ஜீன்ஸ் அரைக் கிலோவைத் தாண்டும், சாரம் அதில் பாதிகூட வராது. போன் 200 கிராம். தொடக்க நாளில் ஜீன்ஸ், பெல்ற், திறப்புக் கோர்வை, ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு கோப்பை சோறு. முடிவு நாளில் சாரமும் வெறும் வயிறும். உடம்பில் ஒரு கிராம் கொழுப்பும் கரையாமல் 2 கிலோ "குறைந்து" நிற்பார். ஆகவே காலையில், வெறும் வயிற்றில், மலசலம் கழித்தபின், ஒரே மாதிரியான உடுப்போடு அளப்பது கட்டாயம்.

கடைசி வாரம்தான் பயப்பட வேண்டிய வாரம். தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பேதிக் குளிசை, பிறஷருக்குக் கொடுத்த நீர்க் குளிசையைக் கூட்டிப் போடுவது, எல்லாம் நடக்கும். கிலோவுக்குக் காசு என்று சொன்னதும் நல்ல மனுசரும் நோயாளிக்கு இன்னும் 500 ரூபா சேரட்டுமே என்று தன் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பார். சிறுநீரக நோயாளியின் பஸ் காசுக்காக இன்னொரு சிறுநீரகத்தைக் கெடுப்பதில் என்ன புண்ணியம்? சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் டொக்டரிடம் மருந்தளவு கேட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சீனி இறங்கி மயங்கி விழுவார்கள்.

இதற்குக் குழு விதிகளிலேயே மருந்து உண்டு. முடிவு நாள் அளவை மட்டும் வைத்துக் காசு கணக்கிடாதீர்கள். கடைசி 3 வார அளவுகளின் சராசரியை எடுங்கள், ஒரு நாள் தண்ணீரைக் குறைத்து ஒன்றும் ஆகாது. தொடக்க நிறையை முதல் நாள் எடுக்காமல் இரண்டாம் வாரத்தில் எடுங்கள். சோற்றைத் திடீரென்று குறைத்ததும் முதல் வாரம் இறங்கும் 1, 2 கிலோ பெரும்பாலும் தண்ணீர். உடம்பில் சேமித்த மாச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரைந்தால் தண்ணீரும் போகும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் மேலதிகத்துக்குக் காசில்லை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். மாதவிடாய்க்கு முன் பெண்களுக்கு 1, 2 கிலோ நீரேறுவது சாதாரணம். அதனால் தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் இடைவெளியை 4 வாரத்தின் மடங்காக வைத்தால் பெரும்பாலானோருக்கு அது ஈடாகிவிடும். யாருடைய நிறையையும் சத்தமாக வாசிக்க வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். கூடியவரிடம் காசு அறவிட வேண்டாம்.

குறைப்புக் கணக்கையும் ஆதரவாளர்களுக்குச் சொல்லுங்கள், ஒருவரும் 12 வாரத்தில் 20 கிலோ எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 4 தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் 3 கரண்டி சீனி என்றால் 60 கிராம், 240 கலோரி. அதை நிறுத்தினால் மட்டும் மாதத்தில் ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். கல்லடிக் கடற்கரையில் 5 கிலோமீற்றர் நடந்தாலும் 70 கிலோ ஆளுக்கு அதே அளவுதான் எரியும். நடந்து முடிந்து தயிரும் பாணியும் சாப்பிட்டால் போனது திரும்பி வந்துவிடும் (எருமைத் தயிரைக் குறை சொல்லவில்லை, பாணியைத்தான்). 80 கிலோ ஆள் 4 கிலோ குறைத்தாலே 5 வீதம், சீனிக்கும் பிறஷருக்கும் பலன் தெரியத் தொடங்கும் அளவு அது. இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள்: எங்கட ஆட்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது எல்லைக்கோடு. தையல்காரரின் அளவு நாடாவுக்குப் பற்றரியும் தேவையில்லை, ஞாபகமும் கிடையாது.

நேர்மையாகச் சொன்னால், காசைக் கிலோகிராமில் கட்டுவதே வம்பு. 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை நடந்து நிதி சேர்த்தார்களே, அங்கே தராசுக்கு வேலையே இல்லை. நடந்த தூரத்துக்கோ, வாராவாரம் அளவுக்கு வந்ததற்கோ பாதிக் காசு, நிறைக்குப் பாதி என்று பிரித்தால் தராசின் தலையில் பாரம் குறையும்.

அப்போ வாங்கலாமா? அளவு திடம், பழுதைக் கையாலேயே பார்க்கலாம், தூக்கிக்கொண்டு போக லேசு. எல்லாம் சரி. வாங்க வேண்டாம். கிளினிக்கில் இருக்கும், குண்டை நகர்த்தி அளக்கும் நெம்புதராசு பழையது ஒன்று கிடைத்தால் அதைப் பிடியுங்கள். அதற்கு ஞாபகசக்தி இல்லை. அது கிடைக்காமல் இதைத்தான் வாங்குவதென்றால், கடைக்குப் போகும்போது அந்த 200 கிராம் பிஸ்கட் பக்கற்றோடு போங்கள், கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. எங்கட தராசை விலைக்கோ இரவலாகவோ கேட்க வேண்டாம். பொங்கல் முடிய அடுத்த சுற்றுக்கு அது வேண்டும்.