கூகுளைத் துரத்துவதா, குடியிருக்க விடுவதா?

உழவர் சந்தையில் வெண்டைக்காயும் முருங்கைக்கீரையும் வாங்கிவிட்டு, காசு கொடுக்க என் வங்கிச் செயலியைத் திறந்தேன். 'இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல' என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு அது மூடிக்கொண்டது. பையில் சில்லறை இல்லை. "பரவாயில்லை தம்பி, அடுத்த வாரம் குடுங்க" என்றார் கடைக்கார அம்மா. என் கையில் இருந்தது, கூகுள் இல்லாமல் வரும் ஆண்ட்ராய்டு வகை மாற்று இயங்குதளமான கிராபீன் ஓஎஸ் ஏற்றிய கூகுள் பிக்சல் 8ஏ போன். அந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தம் வரை எல்லாம் அதில் ஏறியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் இப்போது மூன்று வகை போன்கள் ஓடுகின்றன. என்னிடம் இந்த கிராபீன். மச்சானிடம் இ-ஓஎஸ் என்ற இன்னொரு மாற்று இயங்குதளம் ஏற்றிய ஒரு பழைய போன். அம்மாவிடம் கடையில் வாங்கியபடியே இருக்கும் ஆண்ட்ராய்டு. ஒரு வருஷமாக மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அன்றாடச் செயலிகள் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பது, அறிவிப்பு, இருப்பிடம் போன்ற வேலைகளைச் செயலிகளுக்காகப் பின்னணியில் செய்யும் மென்பொருளான கூகுள் பிளே சேவைகளை அந்தப் போன் எங்கே உட்கார வைத்திருக்கிறது என்பதுதான்.

அம்மாவின் போனில் பிளே சேவைகளிடம் வீட்டுச் சாவியே இருக்கிறது. மற்ற செயலிகள் அனுமதி கேட்டு வாசலில் நிற்கும்போது, அது சிஸ்டத்தின் ஒரு பாகமாக உள்ளேயே வசிக்கிறது. மச்சானின் இ-ஓஎஸ் அதை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் மைக்ரோஜி என்ற திறமூல மாற்றை வைக்கிறது. செயலிகள் கூகுளிடம் கேட்பதாக நினைத்து மைக்ரோஜியிடம் கேட்கும். கிராபீன் வேறு வழியில் போகிறது. முதலில் ஏற்றும்போது அதில் கூகுள் எதுவும் இருக்காது. வேண்டும் என்றால் உண்மையான பிளே சேவைகளையே நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு எந்தச் சலுகையும் கிடையாது. இருப்பிடம், தொடர்புகள் என எதுவானாலும் ஒரு கால்குலேட்டர் செயலியைப் போல உங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த ஏற்பாட்டை 2021-இல் கொண்டுவந்தார்கள்.

கூகுளை அடியோடு துரத்துவதுதான் தூய்மையான வழி என்று நானும் முதலில் நம்பினேன். பழகிப் பார்த்த பிறகு, வாடகைக்குக் குடிவைத்து எல்லைகளை நாமே வகுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மைக்ரோஜி நல்ல முயற்சி, ஆனால் பிளே சேவைகள் செய்யும் எல்லாவற்றையும் அது செய்வதில்லை. அதன் வழியே வரும் உடனடி அறிவிப்புகளும் கடைசியில் கூகுளின் சர்வரைத் தொட்டுத்தான் வருகின்றன.

அதற்காக இ-ஓஎஸ்ஸைத் தள்ளிவிட முடியாது. 1998-இல் மாண்டிரேக் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் கயேல் டுவால் ஆரம்பித்த திட்டம் இது. லினேஜ் ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு வடிவத்தை அடித்தளமாகக் கொண்டதால், உற்பத்தியாளர் கைவிட்ட பல பழைய போன்களுக்கும் உயிர் கொடுக்கிறது. அதன் செயலிக் கடையான ஆப் லவுஞ்சில் ஒரு செயலியை நிறுவும் முன்பே, நம்மைப் பின்தொடரும் டிராக்கர்கள் உள்ளே எத்தனை இருக்கின்றன என்று காட்டி மதிப்பெண்ணும் போடும். மச்சான் ஒரு ராசிபலன் செயலியைப் போடப்போய், அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பின்வாங்கியதை நான் நேரில் பார்த்தேன். தொழில்நுட்பத்தில் ஆர்வமே இல்லாத ஒருவருக்கு இப்படிப் புரியவைப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

குறை என்றால் பாதுகாப்பில்தான். திருத்தங்கள் தாமதமாக வருகின்றன. போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருளான பூட்லோடரை, பல மாடல்களில் மறுபடி பூட்டவும் முடியாது. கிராபீனில் நிறுவி முடித்ததும் பூட்டிவிடலாம். சிஸ்டத்தை யாராவது மாற்றியிருந்தால், போன் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைக் கண்டுபிடித்துவிடும்.

சரி, அன்றாட வேலைகளுக்கு வருவோம். வாட்ஸ்அப் மூன்றிலும் ஓடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது தொடர்புப் பட்டியல். கிராபீனில் 'காண்டாக்ட் ஸ்கோப்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. செயலிக்கு அனுமதி கிடைத்த மாதிரியே தோன்றும், ஆனால் நாம் தேர்ந்தெடுத்த பத்துப் பேர் மட்டுமே அதன் கண்ணில் படுவார்கள். உடனடிக் கடன் செயலிகள் தொடர்புகளை உருவிக்கொண்டு, வாங்கியவரின் சித்தப்பா முதல் அலுவலக மேலாளர் வரை போன் போட்டு அவமானப்படுத்தியதை நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன! கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. விதியை மதிக்காத செயலிக்கு முன்னால் நம்மைக் காப்பது இப்படிப்பட்ட ஒரு பூட்டுதான்.

அடுத்தது தமிழ்த் தட்டச்சு. நாம் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் விசைப்பலகை வழியாகத்தான் போகிறது. கடவுச்சொல்லும் அதன் வழிதான், மருத்துவரிடம் சொல்லும் நோயும் அதன் வழிதான். கிராபீனோடு வரும் விசைப்பலகை தமிழுக்கு எனக்குப் போதவில்லை. 'amma' என்று அடித்தால் 'அம்மா' என்று வரும் பழக்கத்தில் என் விரல்கள் ஊறிவிட்டன. அதனால் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டையே நிறுவினேன். முதலில் இணைய அனுமதியைக் கொடுத்து, தமிழ் மொழிப்பொதியை இறக்கவிட்டேன். அப்புறம் அமைப்புகளுக்குப் போய் 'நெட்வொர்க்' அனுமதியைப் பறித்துவிட்டேன். இப்போது அதற்கு உலகத்தில் இணையமே இல்லாதது போலத்தான். தமிழ் வருகிறது, எழுதியதை அது நேரடியாக வெளியே அனுப்ப வழியில்லை. பேசி எழுதவைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். தமிழ்99 விசையமைப்பில் பழகியவர்களுக்கு இந்தச் சுற்றே வேண்டாம், திறமூல விசைப்பலகையான இண்டிக் கீபோர்டு போதும். மச்சான் அதைத்தான் வைத்திருக்கிறார்.

பிக்சலின் கேமரா செயலியையும் இதே மாதிரி இணையம் இல்லாமல் வைத்திருக்கிறேன். படங்களின் தரத்தில் குறை தெரியவில்லை. வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் நெடுஞ்சாலைகளில் கைகொடுக்கிறது. சந்துக்குள் இருக்கும் மெக்கானிக் கடையைத் தேட மட்டும் கூகுள் மேப்ஸைத் திறக்கிறேன்.

இனி பணம். எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். வங்கிச் செயலிகள் பல, கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி'யிடம் இந்தப் போன் நம்பத்தக்கதா என்று கேட்கின்றன. கூகுள் சான்றளித்த சிஸ்டமா என்பதுதான் அங்கே முக்கியக் கேள்வி. கிராபீன் அடிப்படை நிலையைத் தாண்டும், அடுத்த நிலையில் சான்று இல்லாமல் நின்றுவிடும். கடைசித் திருத்தம் வந்து சில வருஷங்கள் ஆன ஒரு பழைய போன், சான்றிதழ் இருப்பதால் அதே நிலையைத் தாண்டிப் போக முடிகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பாதுகாப்பான போனைத் தடுப்பது நியாயமே இல்லை. ஆண்ட்ராய்டிலேயே வன்பொருள் வழியாகச் சரிபார்க்கும் முறை இருக்கிறது. கிராபீனின் டிஜிட்டல் சரிபார்ப்புச் சாவிகளை அதில் ஏற்றுக்கொள்வது எப்படி என்று அவர்களே வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். வங்கிகள் மனது வைத்தால் போதும்.

அதுவரை நான் இப்படிச் சமாளிக்கிறேன். வங்கிச் செயலிக்குப் பதில் பிரௌசரில் நெட்பேங்கிங். கடையில் கொடுக்க வேறொரு யுபிஐ செயலி. எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்ததும் சிம்மைச் சரிபார்த்துக்கொண்டு அது ஓடத் தொடங்கியது. அடுத்த அப்டேட்டில் அதுவும் நின்றுபோகலாம் என்பதால், பர்ஸில் எப்போதும் ஐந்நூறு ரூபாய் வைத்திருக்கிறேன். வங்கியில் பதிவுசெய்த எண்ணிலிருந்து *99# அடித்தும் பணம் அனுப்பலாம், அதற்குச் செயலியே வேண்டாம். இ-ஓஎஸ்ஸிலும் இந்தச் சிக்கல் உண்டு, மச்சான் வங்கி வேலைகளை அக்காவின் போனில் பார்த்துக்கொள்கிறார்.

அம்மாவின் போனை நான் மாற்றப்போவதில்லை. காஸ் பதிவு, பேரனுடன் வீடியோ கால், ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அதில் தடையில்லாமல் நடக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து விளம்பர அடையாள எண்ணை நீக்கினேன். தனியுரிமை டாஷ்போர்டைப் பார்த்து, தேவையில்லாமல் மைக் கேட்ட இரண்டு செயலிகளைத் தூக்கினேன். இணைய முகவரிகளை யாரிடம் கேட்பது என்று தீர்மானிக்கும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் விளம்பரம் தடுக்கும் முகவரியைப் போட்டேன். பிளே சேவைகளின் சாவி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

கையில் பழைய போன் இருந்து, புதிது வாங்கக் காசில்லை என்றால் இ-ஓஎஸ். புதிதாக வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு கிராபீனுக்கே. அதற்குப் பிக்சல் வேண்டும். பிக்சல் 8 வரிசையிலிருந்து ஏழு ஆண்டு அப்டேட் உண்டு என்பதால் போட்ட காசு வீண்போகாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் வழியே விற்கும் பிக்சல்களில் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. வாங்கும் இடத்திலேயே டெவலப்பர் அமைப்புகளில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' பொத்தான் நகருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.