டார்பிஷயர் நடைவரைபடம்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் டார்பிஷயரில் மொனியாஷ் கிராமத்திலிருந்து லாத்கில் பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழியில், அப்பகுதியின் நடைவழிகளைக் காட்டும் என் வரைபடம் மடிப்போடு இரண்டாகக் கிழிந்தது. அன்று மாலையே நண்பர் ஒருவர் இதே காகித வரைபடத்தை வாங்கலாமா என்று கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்துத் தருகிறேன்.

1:25,000 அளவு (தரையில் கால் கிலோமீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர்), பச்சைக் கோடுகளில் பொது நடைவழிகள் என்பவை நடப்பவர்கள் அறிந்தவையே. என் குறை மடிப்புகளைப் பற்றியது. குறுக்கு மடிப்பும் நெடுக்கு மடிப்பும் சந்திக்கும் இடங்களில் இரண்டாம் குளிர்காலத்திலேயே ஊசித்துளைகள் விழுந்து, பின்னர் பட்டாணி அளவுக்குப் பெருகின. ஒட்டுநாடா ஒட்டினால் அவ்விடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே புதிய விரிசல் விடுகிறது. தாளின் இருபுறமும் அச்சிட்டிருப்பதால் ஒவ்வொரு துளையும் இரண்டு இடங்களை விழுங்கிவிடுகிறது. மழையிலும் நடப்பவர்களுக்கு விற்கும் தாள் ஈரத்தைத் தாங்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் இதில் வயல்சுவர்கள் ஒவ்வொன்றும் வரையப்பட்டிருக்கின்றன என்பதை முதல் ஆண்டில் நான் பொருட்படுத்தவே இல்லை. செல்மார்ட்டன் கிராமத்தைப் பாருங்கள்: தெருவை ஒட்டி, சீப்பின் பற்களைப் போல ஒடுங்கி நீண்ட வயல்கள் வரிசையாக நிற்கும். இடைக்காலத்தில் குடியானவர்கள் பங்கிட்டு உழுத பட்டை நிலங்களின் எல்லைகளே காரையின்றி அடுக்கிய சுண்ணாம்புக்கல் சுவர்களாக நிலைத்துவிட்டன. சற்றுத் தள்ளிப் போனால், பின்னாளில் நாடாளுமன்றச் சட்டங்களின்படி பொதுநிலத்தைப் பிரித்தபோது அளவுகோல் வைத்து வெட்டியது போன்ற பெரிய சதுர வயல்கள் வந்துவிடும். இரு வேறு காலங்கள் தாளில் விரற்கடை தூரத்தில் அமைந்திருப்பதைக் கண்ட பிறகுதான், நேரில் அந்தச் சுவரோரம் நின்று பார்க்க எனக்குக் கண் வந்தது. ஐம்பதுக்குச் சற்று ஏறக்குறைய கற்பலகைகள் படுத்த நிலையில் கிடக்கும் ஆர்பர் லோ என்ற தொல்பழங்காலக் கல்வட்டத்தையும், அதன் அருகிலுள்ள கிப் ஹில் புதைமேட்டையும் தொல்லெழுத்து வடிவில் தனித்துக் காட்டும் நுணுக்கமும் இதில் உண்டு. கைபேசியில் இதே வரைபடம் கிடைக்கிறது. ஆனால் உள்ளங்கை அளவுத் திரையில் செல்மார்ட்டனின் சீப்பையும் சதுரங்களையும் தெளிவாக ஒருங்கே பார்க்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பரே, இந்தக் காகிதப் பதிப்பை வாங்காதீர்கள். விலையும் எடையும் கூடினாலும், மடிக்கச் சற்று முரண்டு பிடித்தாலும், நெகிழிப் பூச்சு கொண்ட பதிப்பையே வாங்குங்கள். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் என்னால் கொடுக்க இயலவில்லை. கிழிந்தது செல்மார்ட்டன் இருந்த பக்கம்.