சிவப்பில் அடைபட்ட தெருக்கள்: ‘மேப்பிங் இன்ஈக்வாலிட்டி’ இணையதளம்

அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பல பகுதிகள் ஏன் தலைமுறை தலைமுறையாக வறுமையிலிருந்து மீள முடியவில்லை என்று அறிய விரும்புவோருக்கு, ரிச்மண்ட் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட இந்த இணையதளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்குத் தயாரித்த வரைபடங்களை, இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திக் கட்டணமின்றிக் காட்டுகிறது இத்தளம். கடன் கொடுக்க மிக உகந்த பகுதிகள் பச்சை. அடுத்தடுத்து நீலம், மஞ்சள். ‘அபாயகரமானவை’ என்று தள்ளப்பட்டவை சிவப்பு.

வண்ணங்களைப் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது. பல நகரங்களில், ஒரு பகுதியைச் சொடுக்கினால் அதன் மதிப்பீட்டுப் படிவம் திறக்கிறது. கட்டடங்களின் வயது, பழுதுபார்ப்பு நிலை ஆகியவற்றைக் கேட்கும் அதே தாளில், ‘நீக்ரோக்கள் உண்டா, இல்லையா, எத்தனை விழுக்காடு’, ‘ஊடுருவுவோர் (அதாவது அப்பகுதிக்குப் புதிதாகக் குடிவருவோர்) யார்’, ‘நிவாரணம் பெறும் குடும்பங்கள் எத்தனை’ என்ற கேள்விகளும் வருகின்றன. மனிதர்களின் நிறத்தையும் வறுமையையும் சுவர் விரிசலைப் போலவே சொத்தின் குறையாகக் கணக்கிட்ட அந்த அலுவலக நிதானம்தான் என்னை உலுக்கியது.

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலுள்ள ஜாக்சன் வார்டு என்ற பகுதியை அவசியம் பாருங்கள். மேகி வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி 1903-இல் வங்கி நிறுவிய, கறுப்பின வணிகம் செழித்திருந்த அந்தப் பகுதிக்கும் சிவப்புதான் கிடைத்தது. 1950-களில் அதன் நடுவே நெடுஞ்சாலை போடப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டன.

ஆயினும், எல்லாக் கேடுகளையும் இந்த வரைபடங்களே விளைவித்தன என்று எண்ணிவிடும் அபாயம் இங்கு உண்டு. 1934-இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பினப் பகுதிகளின் அடமானக் கடன்களுக்குக் காப்புறுதி மறுத்ததன் விளைவு இதைவிடப் பெரிது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உள்ளனர்; ஆகவே தளத்திலுள்ள விளக்கவுரையைப் படிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம். அன்று சிவப்பிடப்பட்ட, நியூயார்க் நகரின் புரூக்ளினிலுள்ள பெட்ஃபோர்ட்-ஸ்டைவசென்ட்டில் இன்று வீடுகள் பத்து லட்சம் டாலரைத் தாண்டி விற்கின்றன. வாடகை கட்ட முடியாத பழைய குடியிருப்பாளர்கள் வெளியேறுகிறார்கள். அந்த மாற்றத்தை 1930-களின் வரைபடம் சொல்லாது என்பதால், அண்மைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளையும் அருகில் வைத்துப் பாருங்கள். வரைபடங்களின் தரவுகளைப் பதிவிறக்கிக்கொள்ள முடிவதால், ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இத்தளம் மிகவும் பயன்படும்.