181 உதவி எண்ணும் சகி மையமும்: யாரெல்லாம் போகலாம், எங்கே வேலை இழுக்கும்

"புருஷன் குடிச்சிட்டு வந்து அடிச்சாத்தான் 181" என்ற நினைப்பில் பலர் கூப்பிடாமலே இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் இயங்கும் இந்த மகளிர் உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். அடி விழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சம்பளம் வரும் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைப்பது, சீதன நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, பிள்ளை இல்லை என்று தினமும் குத்திக்காட்டுவது, படுக்கையில் வற்புறுத்துவது எல்லாமே 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் வன்முறைதான்.

மனைவிக்கு மட்டுமான சட்டமும் அல்ல இது. மகனிடம் அடிவாங்கும் தாய், அண்ணன் வீட்டை விட்டு விரட்டும் விதவைத் தங்கை, தாலி இல்லாவிட்டாலும் கணவன் மனைவியாகவே ஒரே வீட்டில் வாழ்ந்த பெண் ஆகியோரும் மனு போடலாம். எதிர்மனுதாரர், அதாவது யார்மீது மனு போடுகிறோமோ அவர், ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2016-ல் நீக்கிவிட்டது. படித்த, வேலைக்குப் போகிற பெண்களுக்கு இந்த வன்முறை நடக்காது என்பார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை பேரும் படிக்காதவர்களா?

வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் சகி மையத்தின் பலம், மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, தங்குமிடம் ஐந்துக்கும் ஒரே இடத்தில் வழி கிடைப்பது. ஆனால் தங்குவது பொதுவாக ஐந்து நாள்தான். ஐந்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல், வந்த மறுநாளே அடுத்த காப்பகத்துக்கு ஏற்பாடு கேளுங்கள். வளர்ந்த பையன் உடன் இருந்தால் அவனையும் சேர்ப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வேலை இழுப்பது டி.ஐ.ஆரில்தான். குடும்ப வன்முறை அறிக்கை எனும் இந்தப் படிவத்தைப் பாதுகாப்பு அலுவலர் நிரப்பி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். "பேசி அனுசரிச்சுப் போங்கம்மா" என்ற ஆலோசனையோடு முடிந்துவிட்டால் பின்னாளில் காட்ட எழுத்தில் எதுவும் இருக்காது. அதனால் "டி.ஐ.ஆர். போடுங்க மேடம்" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். "குடும்பத் தகராறு" என்று ஒரே வரியில் எழுத விடாதீர்கள். தேதி, இடம், யார், என்ன செய்தார் என்று சம்பவம் சம்பவமாக எழுதவைத்து, நகல் வாங்குங்கள். காயத்துக்குப் போனால் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல் உண்மைக் காரணத்தைச் சொன்னால்தான் ஆஸ்பத்திரிப் பதிவு சாட்சியாகும். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் பாதுகாப்பு அலுவலர் என்ற இதே பதவிப் பெயர் உண்டு. உங்களுக்கு வேண்டியவர் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர்.

மனு போட்டால் விவாகரத்து ஆகிவிடும், அவரை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றுக்கான உத்தரவுகள்தான் இந்தச் சட்டத்தில் கிடைக்கும். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்பதாலேயே குடியிருப்பு உரிமை போய்விடாது. 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். எனவே மனுவிலேயே 23-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம்: வருமானம் எதுவானாலும் பெண்ணுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

ஒரு பெரிய குறை உண்டு. வன்முறைக்கு ஆளாகும் ஆண் இந்தச் சட்டத்தில் மனு போட முடியாது. பிள்ளைகளிடம் அடிவாங்கும் முதிய தந்தைக்கு 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கின்றன. அடிவாங்கும் கணவருக்கு வழக்கமான போலீஸ் புகார்தான் வழி.

அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 112. உங்கள் போனை எடுத்துப் பார்க்கிற வீடு என்றால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து 181-ஐக் கூப்பிடுங்கள். முடியாவிட்டால், பேசியதும் அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணை அழித்துவிடுங்கள்; திரும்ப எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும் அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.