போக்கர் மேசை கிட்: மாதிரிக்கு வந்தது ஒன்று, பெட்டியில் வந்தது வேறு

வீட்டிலேயே போக்கர் சீட்டாட்டத்துக்கு மேசை செய்ய கிட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாம் கொடுக்கும் அளவுக்குப் பலகையை வெட்டி, துணி, ஃபோம், ரெக்சின், கப் ஹோல்டர் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லும் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கினேன். பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்கப் பெயரைச் சுற்றியே போகும். இதே வேலையை வேறு யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

நான் கேட்டது பத்துப் பேர் உட்காரும் நீள்வட்ட மேசை. 8 அடி நீளம், 44 அங்குல அகலம். 8-க்கு 4 பலகையில் வெட்டி எடுக்கிற வழக்கமான அளவு. சுற்றிலும் கை ஊன்ற மெத்தை வைத்த ரெயில், அதற்கு உள்ளே கப் ஹோல்டர் பதிக்க ஒரு மரப்பட்டை (ரேஸ்டிராக் என்பார்கள்), நடுவில் துணி போர்த்திய பலகை. 18 மி.மீ. பிளைவுட், ஸ்பீட் கிளாத் (சீட்டு வழுக்கிப் போவதற்கென்றே உள்ள துணி), அதன் அடியில் 6 மி.மீ. குளோஸ்டு-செல் ஃபோம் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தது.

முதலில் துணி. கேட்டவுடன் கையகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு அனுப்பினார்கள். அசல் ஸ்பீட் கிளாத். பாலியெஸ்டர் நெசவு, மேலே டெஃப்லான் பூச்சு; ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் உருண்டு நின்றது, சீட்டைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தேன். பெட்டியில் வந்ததோ அதே பச்சை நிறத்தில் சாதாரண ஃபெல்ட். நிறத்தை மட்டும் கச்சிதமாகப் பொருத்தியிருந்தார்கள், அதனால் மடித்து வைத்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல, இழைகளை அழுத்திச் செய்வது. சீட்டு போட்டால் பாதி தூரத்திலேயே நின்றுவிடும். சில நேரம் ஓரம் இழையில் மாட்டிக் கவிழ்ந்துவிடும். ஒரு சீட்டு அப்படித் திறந்துகொண்டால் மேசையில் எவ்வளவு சண்டை வரும் என்று ஆடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிக்கொண்டது. ஃபெல்ட் மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. ஸ்பீட் கிளாத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அதை அனுப்புவதுதான் ஏமாற்று.

அப்புறம் ஃபோம். குளோஸ்டு-செல் வகையில் உள்ளே இருக்கும் காற்றறைகள் தனித்தனியாக மூடியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் உடனே பழைய நிலைக்கு வரும், தண்ணீரும் குடிக்காது. எனக்கு வந்தது மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்சு, அதுவும் 12 மி.மீ. அதன்மேல் சிப்ஸை (பந்தயம் கட்டும் வில்லைகள்) அடுக்கிவிட்டுப் பக்கத்தில் கை வைத்தால் அடுக்கு சாய்கிறது. தடிமன் இரண்டு மடங்கானதால் இன்னொரு தொல்லை: ரேஸ்டிராக்கோடு சமமாக உட்கார வேண்டிய நடுப்பலகை கால் அங்குலம் மேலே துருத்திக்கொண்டு நின்றது. கேட்டதற்கு, "ரெயிலுக்கு உள்ள ஃபோமை மாற்றி வைத்துவிட்டீர்கள் போல" என்று பதில். ரெயில் ஃபோம் தனியாக, ஒன்றரை அங்குலத்தில் பக்கத்திலேயே கிடந்தது.

பலகையில் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். விளிம்பு முழுக்க மரப்பட்டை ஒட்டி, இழைத்து, அழகாக வந்தது. அலங்காரத்துக்கு என்று யாரும் நினைப்பார்கள். போல்ட்டுக்காகத் துளை போட்டபோது வந்த தூள் மாவு போல இருந்தது. பிளைவுட்டில் துளைத்தால் நாரும் சிராயுமாக வரும். சந்தேகப்பட்டு விளிம்புப் பட்டையை உரித்தேன். உள்ளே அடுக்கே இல்லை. எம்டிஎஃப், அதாவது மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை; மேலும் கீழும் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள். அளந்தால் 15 மி.மீ. 18 என்று விற்கும் பலகை ஒரு மில்லிமீட்டர் குறைவது சகஜம், அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன். மூன்று குறைவது வேறு பலகை. எம்டிஎஃப் விளிம்பில் திருகாணி ஏற்றினால் பிளந்துகொள்ளும், ஈரம் பட்டால் ஊதிவிடும். குளிர்பானக் குவளைகளை வைப்பதற்கென்றே செய்யும் மேசை இது!

கப் ஹோல்டர் ஓட்டைகளும் பெரிது. இரண்டு ஹோல்டர் நேராக உள்ளே விழுந்தன. சிலிக்கான் வைத்து ஒட்டச் சொன்னார்கள்.

சரி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கேதான் உண்மையான பொறி இருக்கிறது. "அளவு சொல்லிச் செய்த பொருள், திருப்ப முடியாது" என்றார்கள். மனம் மாறித் திருப்புகிறவருக்கு அந்த விதி பொருந்தும். எழுதிக் கொடுத்ததற்கு மாறாக வேறு பொருளை அனுப்பியவர் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. துணியும் ஃபோமும் வெட்டப்படாமல் முழுசாகவே வந்தன, அவற்றுக்கும் இதே பதில்தான். முன்பணத்தைக் கார்டில் வாங்கினார்கள். மீதிக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லி நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். இந்தப் பிரிப்புக்கும் காரணம் இருக்கிறது. கார்டில் போன தொகைக்கு, விவரித்தபடி பொருள் வரவில்லை என்று வங்கியில் முறையிட்டு வாங்கிவிட்டேன். கணக்குக்குப் போனது போனதுதான்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்குவதே நல்லது. பலகையைக் கடையில் விளிம்பைப் பார்த்து, அடுக்குகளை எண்ணி வாங்குங்கள். கப் ஹோல்டர் கைக்கு வந்த பிறகு ஓட்டை போடுங்கள்: உடம்பு தாராளமாக இறங்க வேண்டும், மேல்விளிம்பு எல்லாப் பக்கமும் பலகையில் படிய வேண்டும். முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பார்ப்பது உத்தமம். கிட்டாகத்தான் வேண்டும் என்றால் மாதிரித் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், விளிம்பு ஒட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள், முழுத் தொகையையும் கார்டிலேயே கட்டுங்கள். "பிரீமியம் துணி", "உயர்தர ஃபோம்" என்றெல்லாம் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். துணியின் வகை, ஃபோமின் வகை, தடிமன் மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும்.

அவர்களுடைய செய்முறைத் தாளில் ரெயிலைப் பசை போட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. துணி எப்படியும் ஒருநாள் கறைபடும் அல்லது தேயும். ரெயிலை அடியிலிருந்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் கழற்றித் துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டியிருந்தால் ரெயிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். துணியில் கத்தரி வைப்பதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர், ஃபோமில் கட்டைவிரல், பலகையில் அளவுகோல். ஸ்டேப்ளர் அடித்த பிறகு கேட்டால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். ரெக்சினை மட்டும் குறை சொல்ல முடியாது. நன்றாக இழுபடுகிறது, வளைவில் சுருக்கம் விழவில்லை. நானே வெட்டிய புது பிளைவுட் ரெயிலில் அதைத்தான் போட்டிருக்கிறேன்.