வசந்தத்தில் விதைப்பதா, கோடைக் கடைசியிலா? குளிர் ஊர்களில் சாலட் கீரை

பனி விலகியதும் விதைப் பொட்டலத்தைப் பிரிப்பதுதான் பலரின் வழக்கம். எனக்கென்னவோ சாலட் கீரைக்கு கோடையின் கடைசிதான் தோதான நேரம் என்று படுகிறது.

வசந்தத்துக்கும் நியாயம் உண்டு. மண்ணில் ஈரம் இருக்கும், லெட்யூஸும் பாலக்கும் மண்ணின் சூடு 5 டிகிரி செல்சியஸ் இருந்தாலே மெதுவாக முளைத்துவிடும், அதனால் கடைசி உறைபனிக்கு 4 முதல் 6 வாரம் முன்பே விதைக்கலாம். வம்பு அப்புறம்தான். பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் பாலக் இலையை விட்டுவிட்டுப் பூத்தண்டை நீட்டும், வெயில் ஏறினால் லெட்யூஸ் கசக்கும், அருகுலா என்கிற காரமான சாலட் கீரையின் இலையை குட்டி வண்டுகள் சல்லடையாக்கும். லெட்யூஸ் நாற்றை வீட்டுக்குள் வளர்த்து நட்டால் 3, 4 வாரம் மிச்சம், ஆனால் நீளும் பகலை அதுவும் தடுக்காது.

கோடைக் கடைசியில் தொல்லை ஆரம்பத்தில் மட்டுமே. மண் 27, 28 டிகிரியைத் தாண்டினால் லெட்யூஸ் விதை முளைக்காமல் தூங்கிவிடும், ஆகவே சாயங்காலம் விதைத்து, நிழல் துணி கட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முளைத்துவிட்டால் நாளுக்கு நாள் குளிர் கூடும், பகல் குறுகும், பூக்கிற பேச்சே இல்லை. குளிர் பட்ட பாலக்கில் சர்க்கரை கூடுவதால் ருசியும் தனி.

ஆனால் கணக்கு பிசகக் கூடாது. பொட்டலத்தில் அறுவடைக்கு 45 நாள் என்று போட்டிருந்தால், வெளிச்சம் குறைந்து வளர்ச்சி மந்தமாவதற்காக 14 நாள் சேர்த்து, முதல் உறைபனியிலிருந்து 59 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். வசந்தத்தில் ஒரு வாரம் பிந்தினால் செடி ஓடிப் பிடித்துவிடும், இங்கே அந்த ஒரு வாரம் அறுவடையையே சில வாரம் தள்ளிவிடும், ஏனென்றால் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனதும் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது.

மூன்றாவது வழி, பாலக்கை முதல் உறைபனிக்கு 4 முதல் 6 வாரம் முன் விதைத்து, சின்னச் செடியாகவே மூடாக்குத் துணிக்குள் குளிர்காலத்தைக் கடத்துவது. பகல் நீளத் தொடங்கியதும் வேரூன்றிய செடி கிளம்பிவிடும், வசந்தத்தில் விதைத்ததை முந்தி இலை தரும். தண்ணீர் தேங்கும் பாத்தியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அழுகிவிடும். அப்புறம், விறைத்த இலையைக் காலையிலேயே பறித்தால் துவண்டு கூழாகும். பனி இளகட்டும், மத்தியானம் பறியுங்கள்.