காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் புத்தகமும் கிடைக்கும்

முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகிறவர்கள் எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பர்மாத் தேக்குத் தூண் என்றுதான் தேடிப் போவார்கள். நான் எழுத வந்தது அங்கே ஒரு பழம்பொருள் கடையின் உள்ளறையைப் பற்றி. பெயர்ப்பலகை கிடையாது. பிரித்த வீடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் புத்தகங்களை எடைக்குப் போடாமல் அந்த அறையில் அடுக்கி வைத்திருக்கிறார் கடைக்காரர், ஆனால் வாசலில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, கேட்டால்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்.

தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி, பள்ளி லீவு நாளில் போனேன். ஒரு தடிப் புத்தகத்தை எடுத்ததுமே "டீச்சர், பாத்து எடுங்க, பின்பக்கம் கரையான் அரிச்சிருக்கு" என்றார். விற்க உட்கார்ந்திருப்பவர் குறையை முதலில் சொன்னதும் எனக்கு அந்தக் கடை பிடித்துவிட்டது. 350 சொன்னார், 300 கொடுத்தேன்.

ஆங்கிலப் புத்தகம், அட்டையும் தலைப்புப் பக்கமும் போய்விட்டன. உள்ளே ரங்கூன் கடை ஒன்றின் ரப்பர் முத்திரை, அதன் கீழே பென்சிலில் யாரோ ஒரு செட்டியாரின் விலாசம், அதாவது குடும்ப முன்னெழுத்துகள், நாலே எழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்களையும் பெண்ணுரிமை கேட்டவர்களையும் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாகச் சொல்லும் புத்தகம். வட்டிக்கடைக் கணக்கு முடிந்த பிறகு ரங்கூனில் ஒருவர் இதை உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

நம் பக்கம் ஒருவரைப் பார்த்தால் முதலில் "நீங்க யார் வீடு?" என்றுதானே கேட்போம். அதனாலேயே தென் கரோலினாவின் கிரிம்கே குடும்பத்து அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். சார்ல்ஸ்டன் நகரத்தில் அப்பா நீதிபதி, வீடு நிறைய அடிமைகள். அக்கா சாரா 1792-ல் பிறந்தவள், தங்கை ஆஞ்சலினா 1805. சாரா சின்னப்பெண்ணாக இருந்தபோது, தன் வேலைக்காரச் சிறுமிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அடிமைக்குப் படிப்புச் சொல்லித்தருவது அங்கே சட்டப்படி குற்றம். ராத்திரி விளக்கை அணைத்து, சாவித் துவாரத்தை மறைத்து, கணப்பு நெருப்பின் முன்னால் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியிருக்கிறார்கள். இருபது வருடமாக ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

அப்புறம் அக்கா, தங்கை இருவரும் அடுத்தடுத்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார்கள். 1836-ல் தென்மாநிலப் பெண்களுக்கு ஆஞ்சலினா எழுதிய வேண்டுகோளைச் சொந்த ஊரிலேயே கொளுத்தினார்கள். 1838 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழு முன்னால் பேசினாள், ஒரு பெண் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. அந்த மே மாதம் கல்யாணம் ஆன இரண்டாம் நாளே ஃபிலடெல்ஃபியாவில் புதிதாகக் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தில், ஜன்னலில் கல் விழ விழப் பேசி முடித்தாள். மறுநாள் ராத்திரி மண்டபத்தையே எரித்துவிட்டார்கள். அதற்கும் சளைக்காமல் கணவர் தியோடர் வெல்டோடு அக்காவும் தங்கையும் உட்கார்ந்து தென்மாநிலச் செய்தித்தாள்களை ஆயிரக்கணக்கில் புரட்டி, ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரங்களை வெட்டி எடுத்தார்கள். சூட்டுத் தழும்பு, சவுக்குத் தழும்பு என்று உடைமைக்காரர்களே அடையாளம் எழுதிக் கொடுத்த விளம்பரங்கள். எஜமானர்களின் வாயாலேயே சாட்சி சொல்ல வைத்து 1839-ல் நூலாக்கினார்கள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது 1868-ல் நடந்தது. பத்திரிகையில் கிரிம்கே என்ற பெயருள்ள கறுப்பின மாணவனைப் பற்றி ஆஞ்சலினா படிக்கிறாள், விசாரித்துக் கடிதம் போடுகிறாள். அந்த மாணவன் ஆர்ச்சிபால்டும் அவன் தம்பி ஃபிரான்சிஸும் அவளுடைய அண்ணன் ஹென்றிக்கும் அடிமைப் பெண் நான்சி வெஸ்டனுக்கும் பிறந்தவர்கள் என்று பதில் வருகிறது. பெயரைக் கெடுக்க வந்தவர்கள் என்று ஒதுக்கவில்லை, அண்ணன் பிள்ளைகள் என்று ஊரறியச் சொல்லி, போய்ப் பார்த்து, படிக்கவும் உதவினாள். ஆர்ச்சிபால்ட் ஹார்வர்டில் சட்டம் படித்தார், ஃபிரான்சிஸ் வாஷிங்டனில் போதகர் ஆனார். ஆர்ச்சிபால்ட் தன் மகளுக்கு அத்தையின் பெயரையே வைத்தார், அந்த ஆஞ்சலினா பின்னால் கவிஞர். பங்காளி என்று ஒருவரைச் சேர்த்துக்கொள்வது என்ன கனமான காரியம் என்று வளவு வீடுகளில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்குத் தெரியும். 1870 மார்ச்சில், பனி கொட்டும்போது, 77 வயது சாரா தங்கையோடும் ஊர்ப் பெண்களோடும் ஓட்டுப் போடப் போனது தனிக் கதை. பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம், அவர்கள் ஓட்டு எண்ணிக்கையில் சேரவில்லை.

குறை ஒன்று உண்டு. சின்சினாட்டி பீச்சர் குடும்பத்து அத்தியாயத்தில் நடுவே பக்கங்கள் இல்லை. போதகர் லைமன் பீச்சருக்குப் பதின்மூன்று பிள்ளைகள், ஆற்றுக்கு அக்கரையில் அடிமை மாநிலமான கென்டக்கி, அவர் தலைவராக இருந்த மதக் கல்லூரியில் 1834-ல் அடிமை ஒழிப்பு விவாதத்தை முன்னின்று நடத்திய மாணவர் இதே தியோடர் வெல்ட். அது சூடு பிடிக்கிற இடத்தில் பக்கம் போய்விட்டது. கரையானைச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை. போன் செய்தேன். "நான் பாக்கலை டீச்சர், கொண்டாங்க, பாதிக் காசைத் திருப்பித் தர்றேன்" என்றார். எனக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், உள்ளறையில் ஒரே ஒரு குண்டு பல்புதான், ஜன்னல் வெளிச்சம் வேண்டும். தும்மல் வருகிறவர்கள் முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். வாங்குமுன் பக்க எண்களை ஒருமுறை சரிபாருங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் அவை சென்னையில் ஆய்வு நூலகமாகிப் பிழைத்தன. மற்ற வீட்டுப் புத்தகங்களுக்கு இந்த மாதிரி அறைதான் கதி. ரங்கூன் முத்திரை போட்ட வேறு எது வந்தாலும் எனக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.